பார்த்தாச்சு

ஐயா,

காற்றில் குளிரும் எஞ்சினைச் சூட்டோடு கழுவக் கூடாது. இது பலருக்குத் தெரிவதில்லை. வண்டியை நிறுத்தி முக்கால் மணி நேரமாவது சும்மா விட வேண்டும். கை வைத்தால் சுடாத பதத்துக்கு வந்த பிறகு, முதலில் உலர்ந்த தூரிகை, அடுத்து மண்ணெண்ணெய் தொட்ட தூரிகை, கடைசியில்தான் தண்ணீர். நேற்று உங்கள் நிலையத்தின் பக்கவாட்டில் என் வண்டி நிற்பதைப் பார்த்தேன். ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்த காவலர் போகிற போக்கில் அதன் மேலும் குழாயைத் திருப்பினார். ஒன்பது நாளாக ஓடாத வண்டி, ஆறித்தான் இருக்கும். அதில் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் ஏர் ஃபில்ட்டர் பெட்டியின் மூடி விழுந்துபோய்த் திறந்து கிடக்கிறது. அதற்குள் தண்ணீர் போகாமல் ஒரு பிளாஸ்டிக் பையையாவது கட்டச் சொல்லுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் குடிநீர் வாரியத்தின் கடிதப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன். வந்த கடிதத்துக்கு எண் போட்டு, பதில் எழுதி, நகல் எடுத்து வைப்பது என் வேலை. எதையும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு நிம்மதி. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி என்னுடையது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஒரு வனக்காவலரிடம் வாங்கினேன். ஒற்றை சிலிண்டர், உயரமான இருக்கை, கட்டை டயர். தார்ச்சாலையிலும் போகும், கல்லும் கரடுமான ஏற்றத்திலும் போகும். சொகுசு கிடையாது. ஓடும்போது பல்லெல்லாம் ஆடுகிற மாதிரி அதிரும். அந்த அதிர்வில் நட்டுகள் தளரும். அது அந்த வகை எஞ்சினின் சுபாவம், குறை அல்ல. வாரம் ஒருமுறை ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஒரு சுற்று வந்தால் போதும், இன்னும் இருபது வருடம் ஓடும்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு காலை கிக்கர் திருப்பி அடித்ததில் என் வலது முழங்கால் போயிற்று. அதிலிருந்து நான் ஓட்டுவதில்லை. என்னோடு ஒரே வீட்டில் இருக்கும் தம்பி ஓட்டினான், நான் பராமரித்தேன். ஏற்பாடு நியாயமானதுதான். அவன் வேலைக்கு அந்த வண்டிதான் சரி.

தம்பி கால்நடை ஆஸ்பத்திரியில் உதவியாளன். ஊசி போடுவது, சினை பார்ப்பது, கன்று சிக்கிக்கொண்டால் கையை விட்டு இழுப்பது. ஊருக்கு வெளியே ஒரு மாட்டுப் பண்ணைக்கும் தினமும் போவான். ஊரில் அவனை மாட்டு டாக்டர் என்பார்கள். அவனும் இல்லை என்று சொல்ல மாட்டான். தங்கமான மனுஷன் என்று நீங்கள் விசாரித்த எல்லோரும் சொல்லியிருப்பார்கள். நானும் அதையே சொல்கிறேன். எனக்கும் அவனுக்கும் பகை என்று எதுவும் இருந்ததில்லை. குரலை உயர்த்திப் பேசியதுகூட இல்லை.

ஆனால் அவன் கூடத்துக்குள் வரும் முன்பே நாற்றம் வந்துவிடும். அவன் உடம்பிலிருந்து வருவதை நான் கணக்கில் சேர்க்கவில்லை, அது தொழில். வண்டியிலிருந்து வருவதைச் சொல்கிறேன். எஞ்சினைச் சுற்றி மெல்லிய உலோகத் தகடுகள் அடுக்கடுக்காக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தகடுகளுக்கு இடையே புகுந்து போகிற காற்றுதான் எஞ்சினின் மூச்சு. அந்த இடைவெளி முழுக்கச் சாணம். எஞ்சின் சூட்டில் அது அடுப்பில் வைத்த மாதிரி வேகும். மேலே கறுத்து, உள்ளே பச்சையாக, ஓரத்தில் கொழகொழவென்று. சில நாள் சாணம் மட்டும் இருக்காது. கன்று போட்ட வீட்டிலிருந்து வந்தால், ஜவ்வு மாதிரி ஒன்று சிவப்பும் சாம்பலுமாகத் தகட்டில் ஒட்டிக் காய்ந்திருக்கும். நான் மூங்கில் குச்சியைச் சீவி வைத்துக்கொண்டு ஒவ்வொரு தகடாகச் சுரண்டுவேன். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் அதற்கே போகும். மூக்கில் துணி கட்டிக்கொண்டாலும் நாக்கில் ருசி தெரியும்.

தம்பியின் மனைவி இதைப் பார்த்து ஒருநாள் சொன்னாள்: "மாமா, வண்டிக்கு வாராவாரம் பல்லு தேய்ச்சு விடறீங்க. அப்படியே உங்க தம்பியையும் உட்கார வெச்சுத் தேய்ச்சு விட்டா புண்ணியமாப் போகும்."

அவளைப் பற்றி நான் தவறாக எதுவும் சொல்வதற்கில்லை. கண் மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் பிரிவில் இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவுவாள். எனக்கென்று தனியாக ஒரு துண்டு மாட்டி வைத்து, அதைத் தம்பி தொட்டுவிட்டால் உடனே மாற்றிவிடுவாள். அந்த வீட்டில் சுத்தம் என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் 'ஆச்சு' என்று முடிகிற பேச்சு அதிகம். இது உங்கள் விசாரணைக்கு முக்கியம், அதனால் விளக்குகிறேன். தம்பி கழுவியாச்சு என்றால் தண்ணீரைக் காட்டியாச்சு என்று பொருள். துடைச்சாச்சு என்றால் கால்சட்டையில் துடைத்தாயிற்று. முறுக்கியாச்சு என்றால் விரலால் திருகிவிட்டு வந்தாயிற்று. என் பக்கம் ஒரே ஒரு ஆச்சுதான் உண்டு. அவன் கிளம்பும்போது ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே கேட்பான்: "அண்ணா, பார்த்தாச்சா?" நான் "பார்த்தாச்சு" என்பேன். அதற்கு மேல் அவன் டயரைக்கூடக் குனிந்து பார்க்க மாட்டான். ஆறு வருடத்தில் நான் பார்க்காமல் ஒருநாளும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

போன மாதம், முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் தாங்குகிற ஃபோர்க்குக்கு எண்ணெய் மாற்றினேன். ஒவ்வொரு காலுக்கும் அளவு பிசகாமல் ஊற்ற வேண்டும். அதற்கென்று பெரிய சிரிஞ்சு ஒன்றைப் புதிதாக வாங்கி, பெட்டியில் துணி சுற்றி வைத்திருந்தேன். எடுத்தபோது அதன் உள்சுவரில் மங்கலாக ஒரு படலம். முனையில் ஒரு முடி. தம்பியைக் கேட்டேன்.

"அவசரத்துக்கு எடுத்தேன் அண்ணா. ஒரு மாட்டுக்கு மடியில சீழ் கட்டிடுச்சு, உறிஞ்சி எடுக்கணும், எங்கிட்ட சின்னதுதான் இருந்துச்சு. கழுவியாச்சே."

"அதை எதுக்குத் திரும்பப் பெட்டியில வெச்சே?"

"உன்னுதாச்சே. எடுத்த இடத்துல வைக்கணும்னு நீதானே சொல்லுவே?"

சிரித்தான். உண்மையாகவே அவனுக்கு அது வேடிக்கையாக இருந்தது. நான் அந்தச் சிரிஞ்சை எரித்தேன். பெட்டியை வெந்நீரில் கழுவினேன். ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக எடுத்து மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன். அப்படியும் பத்து நாளைக்கு அந்தப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் ஸ்பேனரைத் துணி சுற்றித்தான் எடுத்தேன்.

அதற்கு அடுத்த வாரம் ஏர் ஃபில்ட்டர் பெட்டியைத் திறந்தேன். உள்ளே எலி கூடு கட்டியிருந்தது. பஞ்சும் மாட்டு முடியுமாக ஒரு பந்து. அதற்குள் ஆறு குட்டிகள், கண் திறக்காமல், தோல் வழியே குடல் தெரிகிற மாதிரி. தம்பி அப்போது காலை ரொட்டி தின்றுகொண்டிருந்தான். வந்து எட்டிப் பார்த்தான். "ஐயோ பாவம், ஒண்ணும் தெரியாத பசங்க" என்று ஆறையும் உள்ளங்கையில் வாரி எடுத்து, தோட்டத்து மூலையில் வைக்கோலில் விட்டுவிட்டு வந்து, அதே கையால் மிச்ச ரொட்டியைத் தின்றான். விரலை நக்கினான்.

சொல்லிப் பயனில்லாத நிலை வந்துவிட்டது. அதிலிருந்து அவன் சாப்பிடும் சத்தம், தூக்கத்தில் மூச்சு விடும் சத்தம், கொல்லைப்புறம் போய் வந்த பிறகு கதவுக் கைப்பிடியில் இருக்கும் ஈரம் எல்லாமே எனக்கு ஒரே பொருளாகத் தெரிய ஆரம்பித்தது. தகட்டின் இடுக்கில் வெந்துகொண்டிருக்கிறதே, அந்தப் பொருள். எஞ்சினாக இருந்தால் சுரண்டி எடுக்கலாம்.

அந்தச் சனிக்கிழமை மாலை தம்பி பண்ணையிலிருந்து வந்ததும் சொன்னான்: "பின் டயர் பஞ்சர் ஆயிடுச்சு அண்ணா. தொழுவத்துலயே சக்கரத்தைக் கழட்டி ஒட்டு போட்டு நானே மாட்டிட்டேன். முறுக்கியாச்சு. இருந்தாலும் காலைல நீ ஒரு தடவை பார்த்துடு."

பார்த்துடு என்றான். இந்தச் சொல்லைத்தான் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வண்டியைத் தாங்கு கட்டையில் ஏற்றினேன். பின் அச்சைச் சுற்றிக் கையளவு சாணம் அப்பியிருந்தது. குச்சியை விட்டதும் பிளந்துகொண்டது. உள்ளே வெள்ளைப் புழுக்கள், அரிசி நீளத்தில், வெளிச்சம் பட்டதும் நெளிந்தன. ஒன்று என் மணிக்கட்டில் விழுந்தது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தேன். கீழே நட்டு தெரிந்தது.

பின் சக்கரத்தின் அச்சை அந்த ஒரு நட்டுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதிர்வில் அது கழலாமல் இருக்க, குறுக்கே ஒரு துளையில் காட்டர் பின் என்று ஒரு கம்பியைச் செருகி இரண்டு முனையையும் வளைத்துவிடுவார்கள். தம்பியின் நட்டில் கம்பி இல்லை. தொழுவத்துச் சாணத்தில் விழுந்திருக்கும். நட்டை ஆள்காட்டி விரலால் தொட்டேன், சுற்றியது. முழுதும் கழல ஏழு சுற்று பாக்கி இருந்தது. என் டப்பாவில் புதுக் கம்பி பதினாலு இருந்தன. முறுக்கி, கம்பி செருகி, வளைத்துவிட இரண்டு நிமிடம்கூட ஆகாது.

மண்ணெண்ணெய் தொட்ட தூரிகையால் நட்டையும் அதன் புரிகளையும் சுத்தம் செய்தேன். உலர்ந்த துணியால் துடைத்தேன். தளர்வாகத்தான் இருந்தது, ஆனால் பளபளவென்று இருந்தது.

தம்பி ஹெல்மெட்டோடு வந்தான். "அண்ணா, பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சு."

அவனுக்குப் பாடம் புகட்ட நினைத்தேன் என்று நான் சொல்லப் போவதில்லை. அது உங்கள் நேரத்தை வீணாக்கும் பேச்சு. அந்த எஞ்சினின் அதிர்வு எனக்குத் தெரியும், பாதையும் தெரியும். பதினொரு கிலோமீட்டரில் நட்டு விழும் என்று கணக்கிட்டேன். அந்த இடத்தில் வாய்க்கால் ஓரமாக இறக்கமும் வளைவும் வரும்.

அப்போது தம்பி மனைவி வெளியே வந்தாள். அன்று அவளுக்கு விடுமுறை. பண்ணைக்குப் போகிற வழியில் அவளுடைய அக்கா வீடு இருக்கிறது. கையில் இரண்டாவது ஹெல்மெட் இருந்தது.

"மாமா, நானும் ஏறிக்கறேன். ரெண்டு பேரைத் தாங்குமா உங்க செல்லம்?"

"தாங்கும். பின் ஷாக் ரெண்டையும் கொஞ்சம் ஏத்தணும்" என்றேன்.

பின்னால் ஆள் ஏறினால் வண்டி தாழும். ஷாக் அப்சார்பரின் அடி வளையத்தை இரண்டு பல் திருப்பி இறுக்கினால் சரியாகிவிடும். அதற்கான சாவியை எடுத்து வந்து மண்டியிட்டேன். முழங்கால் வலித்தது. இடது பக்கம் முடித்து, வலது பக்கம் வந்தேன். அந்த நட்டு என் கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. என் கை அதை நோக்கிப் போனது என்பதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அதுவும் நடந்தது. அவள் ஏறுவாள் என்று நான் கணக்குப் போட்டிருக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "இருடா, இது தளர்வா இருக்கு" என்றால் முடிந்தது.

அந்த நேரத்தில் நிமிர்ந்து பார்த்தேன். தம்பியின் கன்னத்தில், காதுக்குக் கீழே, முந்தின நாள் சாணம் ஒரு பொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது. அவள் "குளிச்ச லட்சணத்தைப் பாரு" என்றாள். தன் கட்டைவிரலை வாயில் வைத்து நனைத்தாள். அந்தப் பொட்டைத் தேய்த்தாள். போகவில்லை. அதே விரலைத் திரும்பவும் வாயில் வைத்து நனைத்து, திரும்பவும் தேய்த்தாள். பிறகு இருவரும் சிரித்தார்கள்.

நான் எழுந்து உள்ளே போனேன். கையைக் கழுவினேன். எனக்குக் கை கழுவ நான்கு நிமிடம் ஆகும், சோப்பு இரண்டு முறை. இரண்டாவது முறை சோப்பு போட்டிருக்கும்போது கிக்கர் மிதிக்கிற சத்தம் கேட்டது. முதல் மிதியிலேயே எஞ்சின் பிடித்தது. கார்புரேட்டரை அந்த வாரம்தான் சரிசெய்திருந்தேன். மூன்றாவது கியர் மாறும் வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அவள் எனக்கென்று மாட்டியிருந்த துண்டில் துடைக்காமல், கையை உதறிக் காயவிட்டேன்.

வாய்க்கால் வளைவு தாண்டி, பன்னிரண்டரையாவது கிலோமீட்டரில் சக்கரம் விலகியது. ஆள் பாரம் கூடியதால் கணக்கு சற்று மாறிவிட்டது. தம்பிக்குத் தொடை எலும்பு முறிந்தது. அவள் பாலத்துக் கல்லில் விழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டாள். இதெல்லாம் உங்கள் அறிக்கையில் இருக்கிறது.

நீங்கள் வீட்டுக்கு வந்து விசாரித்தபோது டீக் கோப்பையை என் பணிமேசையில் வைத்தீர்கள். வட்டமாகக் கறை விழுந்தது. நீங்கள் அதிகம் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று நான்கு நாள் கழித்து ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது.

தம்பி கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கிடந்தான். நர்சை வெளியே போகச் சொன்னான். என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் நகக்கண்ணில் பண்ணை அழுக்கு அப்படியே இருந்தது, யாரும் வெட்டிவிடவில்லை. உள்ளங்கை பிசுபிசுத்தது.

"அண்ணா, போலீஸ்கிட்ட நீ வண்டியைப் பார்க்கவே இல்லைன்னு சொல்லிட்டேன். நீயும் அதையே சொல்லு."

"ஏன்?"

"கேஸ் என் மேல போட்டாச்சு. ஆளைக் கொன்னதுக்கு உள்ள போகணும்னா நான் போயிக்கறேன். மாட்டினவன் நான். பின்னு விழுந்ததை உங்கிட்ட சொல்லாம விட்டதும் நான்தான். உன்னையும் இழுத்துவிட்டு என்ன ஆகப்போகுது?" மூக்கிலிருந்து ஒழுகியது, துடைக்கவில்லை. "நீ பார்த்துதான் இருப்பே. உனக்குக் கண்ணு மங்கிப்போச்சு அண்ணா. வயசாச்சு. அதைப் போய் ஒரு குத்தமா நான் சொல்லுவேனா? அவளும் சொல்ல மாட்டா."

என் கையை அவன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான். கையை விடுவித்துக்கொண்டு வெளியே வந்து, ஆஸ்பத்திரிக் குழாயில் சோப்பு இல்லாததால், வீடு வரை கையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அன்று மாலையே உங்கள் நிலையத்துக்கு வந்து தம்பியின் வாக்குமூலத்தின் நகலைக் கேட்டு வாங்கினேன். மூன்றாம் பத்தியில், 'சம்பவத்தன்று வண்டியை என் அண்ணன் பார்க்கவில்லை' என்று இருக்கிறது. நான்கு முறை படித்தேன். ஐயா, என் கண்ணில் ஒரு குறையும் இல்லை. போன மாதம்தான் தம்பி மனைவி வேலை பார்த்த கண் மருத்துவமனையில் பரிசோதித்தேன். அந்த மருத்துவமனைச் சீட்டு அவள் கைப்பட எழுதியது, இத்துடன் இணைத்திருக்கிறேன். அன்று காலை அந்த நட்டை நான் ஒரு சாண் தூரத்தில், நல்ல வெயிலில், சுத்தம் செய்த பிறகு பார்த்தேன். கழன்று விழும் என்று தெரிந்தே பார்த்தேன். தம்பி ஏறினால் என்ன ஆகும் என்று தெரியும், அவளும் ஏறியபோது என்ன ஆகும் என்றும் தெரியும். தெரிந்துதான் கை கழுவப் போனேன். என்னைக் கேட்டான், பார்த்தாச்சு என்றேன். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. பொய் சொன்னவன் அவன்.

விசாரணை பதினேழாம் தேதி என்று அறிகிறேன். அதற்குள் கோப்பைச் சரிசெய்வது அவசியம். ஆகவே, மேற்படி வாக்குமூலத்தில் 'அண்ணன் பார்க்கவில்லை' என்பதை அடித்து, 'அண்ணன் முழுமையாகப் பார்த்தார்' என்று திருத்தி, திருத்திய நகல் ஒன்றை எனக்கு அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சக்கரத்தை மாட்டியவன் அவன், வண்டியை ஓட்டியவன் அவன், குற்றம் அவனுடையது என்ற மற்ற வரிகள் சரியாகவே இருக்கின்றன. அவற்றில் மாற்ற ஒன்றுமில்லை.